மேற்கு ஜன்னலில் இருபத்துநான்கு தேர்வுகள்

பென்சில் எழுத்தை அழிக்க ஒரு முறை இருக்கிறது. ரப்பரை முன்னும் பின்னும் தேய்த்தால் கரி பரவித் தாள் சாம்பல் பூத்துவிடும். இடது கையால் தாளை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒரே திசையில் மெதுவாகத் தள்ள வேண்டும். பென்சிலுக்குள் இருப்பது கரி. வெங்காயச் சருகைவிட மெல்லிய ஏடுகளாக அடுக்கிய கரி. எழுதும்போது அந்த ஏடுகள் வழுக்கி வந்து தாளின் நார்களில் சிக்கிக்கொள்கின்றன. ரப்பர் அவற்றைத் தன் மேல் ஒட்டவைத்து எடுத்துவிடுகிறது. கீழே திரிதிரியாக விழுவது ரப்பரும் கரியும் சேர்ந்ததுதான்.

இந்த முறையில்தான் போன வருடம் ஆனி மாதம் ஒரு புத்தகம் முழுவதையும் அழித்தேன். நீட் தேர்வுக்கான மாதிரி வினாத்தாள் தொகுப்பு, செங்கல் தடிமன். இருபத்தைந்து தேர்வுகள், ஒவ்வொன்றிலும் நூற்றெண்பது கேள்விகள். பண்ணைக்காரர் சின்னுசாமியின் மகன் கௌசிக் பயிற்சி மையத்தில் தங்கிப் படித்தபோது பயன்படுத்தியது. கௌசிக் அதற்கு முந்தைய வருடமே இடம் கிடைத்து மருத்துவக் கல்லூரிக்குப் போய்விட்டான். புத்தகம் எடைக்குப் போக இருந்தது. நான் கேட்டு வாங்கி வந்தேன். விடைகளை அவன் புத்தகத்திலேயே பென்சிலால் டிக் அடித்திருந்தான். என் மகள் தனப்பிரியா அதில் புதிதாக எழுதிப் பார்க்க வேண்டுமே! வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, மத்தியான வெளிச்சத்தில், எட்டு நாள் அழித்தேன். தேர்வுகளின் தலையில் அவன் எழுதியிருந்த மதிப்பெண்களையும் விடவில்லை. முடித்தபோது தாள் பால் போல இருந்தது. சரிதாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கடைல வாங்குனாக்கூட இப்பிடி இருக்காதுங்க" என்றாள் என் மனைவி.

நான் புதன்சந்தைப் பக்கத்து முட்டைப் பண்ணைகளில் தண்ணீர்க் குழாய்களும் தீவன மோட்டார்களும் பழுது பார்ப்பவன். சரிதா முட்டைகளைத் தரம் பிரித்து அட்டையில் அடுக்கும் வேலைக்குப் போகிறாள். கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடியபோது தனப்பிரியாவுக்கு நான் வீட்டில் பாடம் சொல்ல ஆரம்பித்தேன். திறந்த பிறகு ஒரு வாரம் போய் வந்தவள், "அங்க ஏன்னு கேட்டா யாரும் சொல்றதில்லீங்கப்பா" என்றாள். அந்த ஒரு சொல்லில் நான் விழுந்துவிட்டேன். அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, திறந்தநிலைப் பள்ளியில் பதிந்து, பத்தாவதும் பன்னிரண்டாவதும் வீட்டிலிருந்தே எழுத வைத்தேன்.

எங்கள் வீட்டில் சிக்கனமும் பாடமும் வேறு வேறு இல்லை. குக்கரில் இரண்டாவது விசில் வந்ததும் அடுப்பை அணைத்துவிடுவோம். மிச்சத்தை உள்ளே அடைபட்ட ஆவி பார்த்துக்கொள்ளும். அது அன்றைய இயற்பியல். அரிசி கழுவிய தண்ணீர் செவலைப் பசுவுக்கு. செவலையின் வயிறு எப்படி நான்கு அறைகளாக இருக்கிறது என்பது உயிரியல். கணக்குப் போட நாள்காட்டித் தாளின் பின்பக்கம். பொழுது சாய்ந்து எழுத்து மறையும்வரை விளக்குப் போடுவதில்லை. படிப்பதற்கு மேற்கு ஜன்னல் இருக்கிறது.

தனப்பிரியாவுக்கு ஒன்பது வயதில் ஒரு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒரு தாளில் அழுத்தி எழுதி, அதைக் கிழித்துவிட்டு, அடித்தாளைக் காட்டினேன். நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை. டார்ச்சைத் தாளோடு தாளாகப் படுக்க வைத்து அடித்தால், பென்சில் பதிந்த பள்ளம் ஒவ்வொன்றும் நிழல் கட்டி எழுத்தாக எழுந்து வரும். மேலிருந்து விழும் வெளிச்சம் பள்ளத்தை நிரப்பிவிடும். பக்கத்திலிருந்து வருவதுதான் காட்டிக் கொடுக்கும். அவள் கைதட்டிக் குதித்தாள்.

மருத்துவராக வேண்டும் என்பது அவளே சொன்னது. நாமக்கல்லில் பயிற்சி மையத்தில் சேர்க்கலாம் என்பது சரிதா சொன்னது.

"செவலையக் குடுத்துப்போட்டு, என்ற தோட்டையும் கழட்டுனா ஒரு வருசத்துக்கு ஆகுமுங்க. அங்க நூறு புள்ளைகளோட போட்டி போட்டாத்தான் நம்ம எங்க நிக்கறோம்னு தெரியும்."

"முதல்ல ஊட்ல நாலு டெஸ்ட் எழுதட்டும். மார்க்கப் பாத்துட்டுப் பேசலாம்" என்றேன்.

ஆகஸ்டில் தொடங்கினோம். ஞாயிற்றுக்கிழமைதோறும், உண்மைத் தேர்வு நடக்கும் அதே நேரம்: மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஐந்து இருபது வரை. ஜன்னலோரம் அவள் எழுதுவாள். நான் வாசலில் காவல். விடைப்பட்டியலை மட்டும் தனியாகக் கிழித்து என் சட்டைப் பையில் வைத்திருப்பேன். திருத்தி, மேலே சிவப்பு மையில் மதிப்பெண் போடுவேன். எழுநூற்றிருபதுக்கு முதல் தேர்வில் 240. இரண்டாவதில் 255. "பரவால்ல சாமி, போகப் போக ஏறும்" என்று மகளிடம் சொன்னேன்.

மூன்றாவதில் 588.

இரண்டு முறை கூட்டினேன். வேகம் பிடித்த மோட்டார் திடீரென்று சீராக ஓடுமே, அப்படித்தான் எனக்குப் பட்டது. மறுநாள் பண்ணையில் சின்னுசாமியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் பீடியை எறிந்துவிட்டுச் சிரித்தார்.

"என்றா தனசேகரு! என்ற பையன் ஆஸ்டல்ல கெடந்து சோறு தண்ணியில்லாம வாங்குன மார்க்க, உன்ற புள்ள ஜன்னலோரம் உக்காந்தே வாங்கிப்போட்டாளா!"

அதன் பிறகு 601, 612, 596. பதினேழாவது தேர்வில் 633. சரிதா அவ்வப்போது பயிற்சி மையப் பேச்சை எடுப்பாள். நான் புத்தகத்தை விரித்துச் சிவப்பு எண்ணைக் காட்டுவேன். கடைசியாகத் தை மாதம் கேட்டாள்: "கடேசி மூணு மாசமாச்சும் சேத்தலாமுங்க. தனியாவே ஓடுனா எல்லாருந்தான் ஃபர்ஸ்ட்டு வருவாங்க." எனக்குக் கோபம் வந்தது. "புள்ள மேல நம்பிக்கையில்லையா உனக்கு?" என்றேன். சரிதா அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. தனப்பிரியா அப்போது ஜன்னலோரம்தான் இருந்தாள்.

பிப்ரவரியில் ஒரு நாள் நான் மோட்டார் சுருள் கட்டிக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லோணும். அந்தப் புஸ்தகத்துல..."

"பன்னெண்டாவது கேள்விதான? நானும் பாத்தேன், அத அவங்க சுத்தி வளச்சுக் கேட்டிருக்கறாங்க. இங்க பாரு" என்று கையிலிருந்த செம்புக் கம்பியை நீட்டினேன். காந்தப்புலம் கம்பியைச் சுற்றி எப்படி வளைகிறது, விரலை எப்படி மடக்கிப் பார்ப்பது, எல்லாம் சொன்னேன். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். தலையாட்டிக்கொண்டே கேட்டாள். "புரிஞ்சுதா சாமி?" என்றேன். "புரிஞ்சுதுங்கப்பா" என்று எழுந்து போனாள்.

அதே வாரத்தில்தான், கடைசித் தேர்வின் பக்கங்கள் இல்லை, பழைய புத்தகம்தானே, கிழிந்து போயிருக்கிறது என்றாள். சரி, இருபத்துநான்கு போதும் என்றேன்.

மே மாதம் சேலத்தில் தேர்வு எழுதினாள். ஜூனில் முடிவு வந்தது. 287.

மூன்று நாள் நான் வேலைக்குப் போகவில்லை. விடைத்தாளில் ஒரு வரிசை தவறி வட்டங்களை நிரப்பியிருப்பாள் என்பது என் முடிவு. அப்படித் தவறினால் விடைகள் குருட்டாம்போக்காகிவிடும். நாலு கேள்விக்கு ஒன்றுதான் தற்செயலாகச் சரியாக அமையும். அவளுடைய விடைத்தாளின் படத்தை இறக்கி, ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எழுதிய நூற்றுப் பதின்மூன்றில் எண்பது சரி. வரிசை எங்கேயும் தவறவில்லை. இயந்திரம் சரியாகத்தான் வேலை செய்திருந்தது. எனக்கு விளங்காத பொருள் ஒன்று என் வீட்டுக்குள் இருந்தது. தனப்பிரியா சாப்பிட்டாள், பாத்திரம் கழுவினாள், செவலைக்குத் தண்ணீர் காட்டினாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டு அறிவுச்செல்வி வந்தாள். அவள் மகள் நர்மதா பன்னிரண்டாவது போகிறாள்.

"ஏனுங்கண்ணா, அந்தப் பெரிய புஸ்தகம் சும்மாதான கெடக்குது? நர்மதாவுக்குக் குடுங்க. நம்ம புள்ளைக்குத்தான் இனி அது..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அய்யோ, நான் அந்த அர்த்தத்துல சொல்லலீங்க."

"அதுக்கென்னம்மா. அழிச்சுட்டுக் குடுக்கறேன்" என்றேன்.

மறுநாள் நான்கு மணிக்கு வேலையிலிருந்து வந்ததும் வேப்பமரத்தடியில் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். முதல் பக்கத்தில் ரப்பரை வைத்தபோது தனப்பிரியா வெளியே வந்தாள்.

"நர்மதாவுக்கு அதக் குடுக்காதீங்கப்பா."

"ஏன் சாமி? நல்லா அழிச்சுத்தான் குடுப்பேன்."

"அழிச்சாலும் தெரியுமுங்க." சற்று நின்றாள். "உள்ள வாங்க."

புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய் மேற்கு ஜன்னல் கட்டையில் வைத்தாள். வெயில் அப்போதுதான் ஜன்னலுக்குள் சாய்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. பதினேழாவது தேர்வைத் திறந்து, தாளைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள்.

என் சிவப்பு 633 இருந்தது. அதற்குச் சற்று இடப்பக்கமாக, தாளில் குழி விழுந்து, வேறு ஒருவர் கையெழுத்தில் இன்னொரு 633 இருந்தது. கௌசிக் அழுத்தி எழுதுகிறவன். கீழே பார்த்தேன். விடை ஒவ்வொன்றிலும் தனப்பிரியாவின் மெல்லிய டிக்குக்குப் பக்கத்தில் ஓர் ஆழமான டிக். அவன் தப்பாக அடித்திருந்த ஏழு இடத்திலும் இவளும் தப்பாகவே அடித்திருந்தாள். அவன் விட்ட கேள்விகளை இவளும் விட்டிருந்தாள்.

ரப்பர் கரியைத்தான் எடுக்கும். பள்ளத்தை எடுக்காது. மத்தியான வெளிச்சம் தலைக்கு நேராக விழுந்ததால் நான் அழித்தபோது ஒரு பள்ளமும் எனக்குத் தெரியவில்லை. அவளுக்கோ, ஒவ்வொரு ஞாயிறும், நான்கு மணிக்கு மேல் எல்லாம் தெரிந்திருக்கிறது. ஒரு விளக்குப் போட்டிருந்தால்கூட நிழல் கலைந்திருக்கும்.

"வேணும்னு பாக்கலீங்கப்பா. மூணாவது டெஸ்ட்ல, சந்தேகமா இருந்த ஒரு கேள்விய உத்துப் பாத்தேன். தெரிஞ்சுது. அப்பறம் பாக்காம இருக்க முடியல."

நான் மூன்றாவது தேர்வுக்குத் திருப்பினேன். அங்கேயும் அதே 588 குழி விழுந்து இருந்தது.

"ரெண்டாவது டெஸ்ட்டுக்கு மார்க் போட்டுட்டு நீங்க அன்னைக்கு டீ குடிக்கல. ஆறிப்போயி அப்பிடியே இருந்துச்சு. மூணாவதுக்கு அம்மாவக் கூப்புட்டுச் சிரிச்சீங்க. அடுத்த வாரம் நானே எழுதோணும்னுதான் நெனப்பேன். ஒவ்வொரு வாரமும்." அவள் குரல் ஏறவே இல்லை. "அம்மா செவலைய விக்கலாம்னு கேட்டப்பவாச்சும் சொல்லியிருக்கோணும்."

"என்கிட்டச் சொல்ல வந்தியா?"

"ஒரு தடவ வந்தனுங்க."

செம்புக் கம்பி எனக்கு நினைவுக்கு வந்தது.

அவள் போய், கணக்குப் போட வைத்திருந்த நாள்காட்டித் தாள் கட்டுக்கு அடியிலிருந்து மடித்த காகிதங்களை எடுத்து வந்தாள். இருபத்தைந்தாவது தேர்வு. கௌசிக் அதை எழுதவே இல்லை. அதில் பள்ளம் எதுவும் கிடையாது. மேலே அவள் கையெழுத்தில் பிப்ரவரி ஒன்பது என்று தேதி. நான் பண்ணைக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை தனியாக எழுதியிருக்கிறாள். கொடியில் கிடந்த என் சட்டையிலிருந்து விடைப்பட்டியலை எடுத்துத் தானே திருத்தி, ஓரத்தில் பொடியாக 294 என்று போட்டிருந்தாள். தப்பான கேள்வி ஒவ்வொன்றின் பக்கத்திலும் எறும்பு ஊர்ந்தது போல மறுபடி போட்ட கணக்குகள். சில முடிந்திருந்தன. பல பாதியில் நின்றிருந்தன.

உண்மையான எண் எங்கள் வீட்டில் நான்கு மாதத்துக்கு மேல் மடித்தபடி இருந்திருக்கிறது. அவளுக்கு மட்டும் தெரிந்து.

வழக்கமாக இந்த இடத்தில் நான் ஆரம்பித்துவிடுவேன். எங்கே பிசகியது, ஏன், அடுத்து என்ன என்று. வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டு, பாதியில் நின்ற கணக்கு ஒன்றின் மேல் விரலை வைத்தேன்.

"இது ஏன் இங்கயே நின்னுபோச்சு?"

அவள் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"தெரியலீங்கப்பா" என்றாள். "இதுல நெறயா எனக்குத் தெரியல. நீங்க சொல்றப்பப் புரியற மாதிரியே இருக்கும்."

வீட்டில் வைத்துப் பாடம் சொன்ன இத்தனை வருடத்தில் அவள் தெரியவில்லை என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதைச் சொன்ன பிறகுதான் அழுதாள்.

வெளியே சரிதாவின் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவள் ஜன்னல்கட்டையில் விரிந்து கிடந்த புத்தகத்தையும் எங்களையும் பார்த்தாள். "என்னாச்சுங்க?"

தனப்பிரியா சொல்ல வாய் திறந்தாள். நான் கையமர்த்தினேன்.

"புஸ்தகத்துல கௌசிக் எழுதுன அச்சு அப்பிடியே இருந்திருக்குது, சரிதா. நான் சரியா அழிக்கல. அந்த மார்க்கெல்லாம் நம்ம புள்ளையோடது இல்ல. நீ கேட்டப்பவே சேத்தியிருக்கோணும்."

சரிதா ஜன்னலருகே வந்து குனிந்தாள். சாய்ந்த வெயிலில் அந்த இரண்டு எண்களையும் பார்த்தாள். விரல் நுனியால் பள்ளத்தைத் தடவினாள். மகளின் தலையை இழுத்துத் தன் இடுப்போடு ஒரு கணம் சேர்த்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

"பால் கறக்க நேரமாச்சு" என்று செம்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள்.

நானும் தனப்பிரியாவும் ஜன்னலோரமே இருந்தோம். விற்காத செவலை ஒருமுறை கத்தியது. பிறகு பால் பீச்சும் சத்தம். முதலில் செம்பின் அடியில் ணங் ணங் என்று விழுந்தது. கொஞ்ச நேரத்தில் சத்தம் மெத்தென்று அமுங்கிப் போனது. அது ஏன் அப்படி மாறுகிறது என்று எனக்குத் தெரியும். தனப்பிரியா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.