பீநாறி மரத்தடிக் காப்பிக்கடை

ரப்பர் விலை சரிந்து தோட்டத்தில் ஆள் குறைத்தபோது, ஊருக்குக் கப்பலேற மனமில்லாமல் அய்யாவு லாபிஸ் ரயிலடிக்குப் பின்னால் காப்பிக்கடை போட்டான். அங்கே நின்ற ஒரு மரத்தை நம்பித்தான் போட்டான். நெடுநெடுவென்று உயர்ந்த அடிமரம், நாலாபுறமும் நீண்ட கிளைகள், விரித்த கைவிரல்போல ஒரே காம்பில் ஏழெட்டு இலைகள்.

"காட்டு வாதுமை புள்ள. நிழலும் ஆச்சு, கொட்டையும் ஆச்சு" என்று மனைவி கருப்பாயியிடம் பெருமைப்பட்டான்.

வெயில் காலத்தில் மரம் இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாக நின்றது. பிறகு கொம்பு நுனிகளில் மங்கிய சிவப்பில் பூங்கொத்துகள் தொங்கின. கூடவே கடையில் நாற்றம் கிளம்பியது.

"சாக்கடையைக் கழுவினியா இல்லையா?"

"கழுவிக் கழுவிக் கை வெந்துபோச்சு. நீங்க வாங்கியாந்த பாலை மோந்து பாருங்க."

பாலைக் கொட்டினான். பலகைகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்தான். நாற்றம் போகவில்லை. வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள். புருஷனும் பெண்டாட்டியும் பேச்சை நிறுத்தினார்கள்.

ஒருநாள் துணி வியாபாரி அபூபக்கரின் கோப்பையில் பூவொன்று விழுந்தது. எடுத்து முகர்ந்தவர் முகத்தைச் சுளித்தார்.

"அட, இதுதானா? எங்க ஊர்ல இதுக்குப் பீநாறின்னே பேரு. பூ ஓயுற வரைக்கும் வாடை ஓயாது தம்பி."

அய்யாவு கோடாலியோடு நிலக்காரர் பாக் சாலேயிடம் ஓடினான்.

"தாக் போலே, முடியாது! இந்தக் கெலும்பாங் மரத்தை வெட்ட விடமாட்டேன். நிழல் வேணும்னு நீதானே கேட்டே?" என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆத்திரத்தில் கோடாலிக் காம்பால் மரத்தை ஓங்கி அடித்தான். பொலபொலவென்று பூக்கள் அவன் தலையிலேயே கொட்டின.

"என்னையில்ல குத்தம் சொன்னீங்க" என்றாள் கருப்பாயி. அவனால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கொட்டகையைப் பிரித்துத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் தகரம் போட்டார்கள். வெக்கை தாங்க முடியவில்லை, ஆனாலும் ஆட்கள் வந்தார்கள்.

பூ ஓய்ந்து மரம் மறுபடி தழைத்தது. படகுபோன்ற சிவப்புக் காய்கள் வெடித்துக் கறுப்பு விதைகளைக் காட்டின. அப்போது குளுவாங்கிலிருந்து வந்த சின்னத்தம்பி அந்த மரத்தடியை வாடகைக்குக் கேட்டான். அய்யாவு ஓடிப்போய்த் தடுத்தான்.

"அண்ணே, வேணாம். பூத்துச்சுன்னா நிக்க முடியாது."

"போட்டிக் கடை வந்துடும்னு பயமா?" என்று சிரித்தான் சின்னத்தம்பி.

திரும்பி வந்த அய்யாவுவிடம் கருப்பாயி கேட்டாள்: "சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"நம்பினானா?"

அவன் அடுப்பில் விறகைக் குத்தித் திணித்தான். அந்த வாரமே அவனுடைய வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தண்டவாளத்தைத் தாண்டி, நிழலில் போய் உட்கார்ந்தார்கள்.