குழாய்க்குத் தாகம்

ஊரில் யாரைக் கேட்டாலும் வால்வு அக்காவைத் தெரியும். மேயரைத் தெரியாதவர்கள்கூட உண்டு, அவளைத் தெரியாதவர்கள் இல்லை. காலையில் அவள் போய் நீரேற்று நிலையத்தின் சிவப்புச் சக்கரத்தைத் திருகினால்தான் வீடுகளில் குழாய் இருமும், துப்பும், பிறகு தண்ணீர் விடும். அவள் தெருவில் இறங்கினால் குடத்தோடு நிற்பவர்கள் வழிவிட்டு ஒதுங்குவார்கள். இவ்வளவு மரியாதை கிடைத்தால் யாருக்கும் கொஞ்சம் தலைக்கனம் வரும். அவளுக்கு வரவில்லை. தலைக்கனம் வருவதற்கு மனசு லேசாக இருக்கவேண்டும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. ஆறும் ஏரியும் கைவிரித்த பிறகு, காலத்தில் ஓட்டை போடும் வித்தையைக் கண்டுபிடித்த இன்ஜினியர்கள் நிலையத்தின் அடித்தளத்தில் ஓர் இரும்புக் கதவை நிறுத்தினார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பது நாளையோ அடுத்த வருஷமோ இல்லை. யுகக்கணக்கில் தள்ளி வரப்போகிற பூமி. அங்கே சூரியன் கிழடு தட்டிச் சிவந்துபோய், பாதி வானத்தை அடைத்துக்கொண்டு, நகர மனசில்லாமல் நிற்கும். கடல் என்று இருந்தது சுருங்கி ஏரியாகிவிட்டது. மனுஷ வாடையே இல்லாத இடம், யாருக்கும் வேண்டாத தண்ணீர் என்று பெரிய இன்ஜினியர் பேட்டி கொடுத்தார். அவர் கதவு வழியாக எட்டிப் பார்த்தது எவ்வளவு நேரம் என்று யாரும் கேட்கவில்லை. பருமனான ரப்பர்க் குழாய் ஒன்றை உள்ளே விட்டு, வாயில் சல்லடை மாட்டி, ஏரியில் போட்டார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று நிறையக் குழாயைக் கரையில் கூடுதலாகச் சுருட்டியும் வைத்தார்கள். ஊர் பிழைத்தது.

அக்கா வீடும் பிழைத்தது. அவள் கணவர் தையல்காரர். இரண்டு சிறுநீரகமும் வேலைநிறுத்தம் செய்துவிட்டதால் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அந்த மெஷின் குடிக்கிற தண்ணீரை ஒரு தெருவே குடிக்கலாம். வறட்சி முற்றியபோது வார்டைப் பூட்டிவிட்டார்கள். பக்கத்துக் கட்டில்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். இவருக்கும் காலும் முகமும் வீங்கி, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஆரம்பித்த வாரத்தில்தான் கதவு வழியாகத் தண்ணீர் வந்தது. அவர் அதையும் கேலியாக்கிக்கொண்டார். "என் உடம்புல ஓடுறது இன்னும் வராத காலத்துத் தண்ணி, அதான் எனக்கு வயசே ஆக மாட்டேங்குது" என்று துணி தைக்க வருகிறவர்களிடம் பீற்றிக்கொள்வார்.

மாதத்துக்கு ஒருமுறை யாராவது அந்தப் பக்கம் போய்ச் சல்லடையில் சிக்கிய பாசியைச் சுரண்டிவிட்டு வரவேண்டும். மற்றவர்கள் பயந்து ஒதுங்கிய வேலை. அக்கா அதிகாரிகளின் கையைக் காலைப் பிடித்து அதைத் தன் தம்பிக்கு வாங்கிக் கொடுத்தாள். அதுவரை வெட்டியாக ஊர் சுற்றிக்கொண்டிருந்தவன் அவன். ஊர் அவனுக்குச் சல்லடை என்றே பெயர் வைத்தது. அவனும் எதையும் மனசில் தங்கவிடாமல் சிரித்துக்கொண்டே திரிந்தான்.

ஒருநாள் அவன் சிரிக்காமல் வந்தான். மாமா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார், வீட்டில் அக்கா மட்டும். கொடுத்த டீயை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, தான் பல மாதமாகச் சல்லடையைச் சுரண்டவே இல்லை என்றான். அக்காவுக்குச் சுருக்கென்றது. இவனுக்காகக் கெஞ்சியது அவளல்லவா. அவள் வாயைத் திறப்பதற்குள் கையமர்த்தினான். போகும்போதெல்லாம் சல்லடை தேய்த்துவைத்த பாத்திரம் மாதிரி பளிச்சென்று இருந்ததாம். நம் அதிர்ஷ்டம் என்று கல்லில் சாய்ந்து ஒரு தூக்கம் போட்டுவிட்டு வருவானாம். அப்படித் தூங்கிய ஒருநாள் பேச்சுக்குரல் கேட்டுக் கண்ணைத் திறந்திருக்கிறான்.

"அங்க ஆளுங்க இருக்காங்கக்கா."

என்ன ஆட்கள் என்று கேட்டாள். கேட்காமலே இருந்திருக்கலாம். குள்ளமான, எலும்பும் தோலுமான மனிதர்கள் என்றான். ஏரிக்கரையில் குடிசை போட்டிருக்கிறார்கள். ஏரி உள்வாங்க உள்வாங்க, குடிசையைப் பிரித்துச் சுமந்துகொண்டு தண்ணீருக்குப் பின்னாலேயே போகிறார்கள். குழாய் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. எங்கிருந்தோ ஊர்ந்து வந்து, தாகம் தாங்காமல் ஏரியில் வாயை வைத்துக் கிடக்கும் ஏதோ பாவப்பட்ட பிராணி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாசி அடைத்தால் அதற்கு மூச்சு முட்டுமே என்று எடுத்துவிடுகிறார்கள். தண்ணீர் வற்றி வாய் வெளியே தெரிந்தால், எல்லோரும் சேர்ந்து தோளில் தூக்கிப்போய் மறுபடியும் தண்ணீரில் வைக்கிறார்கள்.

"நம்ம ஊர்ல தண்ணி நிக்காம வர்றது இன்ஜினியராலன்னு நினைச்சிட்டிருக்கோம். அவங்கதான்கா நமக்கு ஊத்துறாங்க."

அதற்குப் பிறகு போனபோதெல்லாம் கூடவே உட்கார்ந்ததில் அவர்கள் பேச்சு தனக்குக் கொஞ்சம் பிடிபட்டுவிட்டது என்றான். மறுநாள் பெரிய இன்ஜினியரிடம் எல்லாவற்றையும் போட்டு உடைக்கப்போவதாகச் சொன்னான். உடைத்தால் கதவை மூடிவிடுவார்கள் என்று இருவருக்கும் தெரியும்.

அக்கா அழவில்லை, கத்தவில்லை. "மாமாவுக்கு நாளன்னிக்கு மறுபடியும் மெஷின்" என்றாள், ஏதோ கடைக்குப் போகச் சொல்கிற குரலில்.

அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அப்பா அம்மா இல்லாமல் அக்காவோடு வந்து ஒட்டிக்கொண்ட பையனை முகம் சுளிக்காமல் வளர்த்தவர் அந்த மனுஷர். தம்பி முதன்முதலில் போட்ட முழுக்கால்சட்டை அவர் கையால் தைத்தது. அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்துபோனான். யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்குத் தான் செய்தது எவ்வளவு அழுக்கான காரியம் என்பதில் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. அவன் வாயைத் தான் கைவைத்துப் பொத்தியிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது என்று நினைத்தாள்.

பிறகு சக்கரத்தைத் திருகும்போதெல்லாம் அந்தக் குள்ள மனிதர்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் இன்னும் பிறக்கவே இல்லையே, பிறக்காதவர்களுக்காக இருக்கிறவரைச் சாகவிட முடியுமா என்று தன்னைத்தானே தேற்றிப் பார்த்தாள். இந்த மாதிரி சமாதானம் சொல்லிக்கொள்ள எல்லோருக்கும் வரும். அவளுக்கும் வந்தது, தெருமுனை தாண்டுவதற்குள் விட்டுப்போனது. வாளி நிரம்பி வழிந்தால் பக்கத்து வீட்டுக்காரியிடம் மல்லுக்கு நின்றாள். ஒரே தண்ணீரில் பாத்திரம் கழுவி, அதையே தரைக்கும் விட்டாள். வால்வே இவ கையில இருக்கு, இவ ஏன் இப்படிக் கஞ்சத்தனம் பண்றா என்று சிரித்தார்கள். குற்றமுள்ள நெஞ்சு பெரிய நல்லதைச் செய்யத் துணியாது, சின்னச் சின்ன நல்லதாகச் செய்து தப்பிக்கப் பார்க்கும். அவள் தப்பிக்கவில்லை. தாகம் எடுத்தாலும் டம்ளரைத் தூக்கும்போது குற்றவாளி மாதிரி அக்கம்பக்கம் பார்த்தாள்.

அடுத்த மாதம் உள்ளே போன தம்பி திரும்பவில்லை. தண்ணீர் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. யாராவது போய்ப் பார்க்கவேண்டும் என்று இன்ஜினியர் கைபிசைந்தார். ஆளாளுக்குக் காரணம் சொன்னார்கள். அக்கா தானே போகிறேன் என்றாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் சாயங்காலம் மாதிரி இருந்தது, ஆனால் அதுதான் அங்கே பகல். சூரியனை வெறும் கண்ணால் பார்க்க முடிந்தது. காற்று மெலிந்திருந்தது. கதவருகே சுருட்டி வைத்திருந்த கூடுதல் குழாயைத் தேடினாள். ஒரு சுற்றுகூட மிச்சமில்லை. எல்லாம் பிரிக்கப்பட்டு, வெடித்த ஏரித்தரையில் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே கோடாகக் கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். வழியெல்லாம் குடிசைகள் இருந்த தடம் வட்டவட்டமாகத் தெரிந்தது. போகப் போக வட்டங்கள் குறைந்துகொண்டே வந்தன. ஒவ்வொரு தடத்தின் பக்கத்திலும் நீளவாக்கில் சில மண்மேடுகள் இருந்தன. சில மேடுகள் ரொம்பச் சின்னவை. அவற்றை எண்ணக்கூடாது என்று வேறு பக்கம் பார்த்து நடந்தாள். இத்தனைக்கும் நான் காரணம், நான்தான் காரணம் என்று உள்ளுக்குள் ஒரு குரல் ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தது.

ஏரி என்று இன்ஜினியர் சொன்னது இப்போது ஒரு குளம். இந்தக் கரையிலிருந்து கூப்பிட்டால் அந்தக் கரையில் கேட்கும். தம்பி அவர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். உதடு வெடித்திருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தான், ஆனால் கட்டிக்கொள்ளவில்லை.

நடந்ததைச் சொன்னான். குழாயைத் தூக்காதீர்கள், அப்படியே விட்டுவிடுங்கள், அது காற்றை உறிஞ்சித் தானாக நின்றுவிடும் என்று சொல்லத்தான் வந்தானாம். தாகமெடுத்த பிராணியை எப்படி விடுவது என்று அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் உண்மையைச் சொன்னான். இது பிராணி இல்லை, இதன் மறுமுனையில் உங்களை மாதிரியே ஆட்கள், குடிப்பது அவர்கள்தான் என்றான். கோபப்படுவார்கள், அடிக்கக்கூட வருவார்கள் என்று எதிர்பார்த்தான். அவர்கள் வெகுநேரம் தங்களுக்குள் பேசினார்கள்.

"ஆளுங்கன்னு தெரியாம இவ்வளவு நாள் ஓரத்துலயே வெச்சிட்டோமேன்னு வருத்தப்பட்டாங்கக்கா. இன்னைக்கு நடுக்குளத்துக்குத் தூக்கிட்டுப் போகப்போறாங்க."

அப்போது ஒரு பெண் அவர்களிடம் வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தது. அந்தப் பெண் அக்காவின் கன்னத்தைத் தொட்டாள். உதடு காய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு ஏதோ கேட்டாள். தம்பி மொழிபெயர்த்தான்.

"போதுமான்னு கேக்குறா. அந்தப் பக்கம் எல்லாருக்கும் போதுமான அளவு கிடைச்சுதான்னு."

அக்கா தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"போதும்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எடுத்துக் கரையில வெச்சிடுவாங்க. என்கிட்டயும் கேட்டாங்க. சொல்ல வாயெடுத்தா மாமா முகம் வந்து நிக்குது. இங்க சொல்லவும் முடியல, வீட்டுக்கு வந்து உன் முகத்தைப் பாக்கவும் முடியல. நீயே சொல்லிடுக்கா."

அந்தப் பெண் காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை. அக்காவுக்குத் தொண்டைவரை அந்த வார்த்தை வந்தது. நெஞ்சறிய வந்தது, பொய்யில்லை. அதைச் சொல்லிவிட்டால் இந்தக் கூச்சம், இந்தக் குமைச்சல் எல்லாம் இந்த நிமிஷமே இறங்கிவிடும். அவளுக்கு இறங்கிவிடும். கட்டிலில் கால் வீங்கிக் கிடக்கப்போவது அவள் கணவர்.

"இன்னும் கொஞ்ச நாள்" என்றாள், குளத்தைப் பார்த்துக்கொண்டு.

தம்பி கொஞ்சநேரம் பொறுத்திருந்தான், அவள் மாற்றிச் சொல்வாளோ என்று. அவள் மாற்றவில்லை. அவன் அந்தப் பெண்ணிடம் சொன்னான். அவள் தலையாட்டினாள். சாப்பிட உட்கார்ந்த குழந்தை இன்னும் கொஞ்சம் கேட்டால் ஒரு தாய் தலையாட்டுவாளே, அப்படித்தான். அக்காவின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு மற்றவர்களைக் கூப்பிடப் போனாள்.

கிழவர்களும் பெண்களும் சின்னஞ்சிறுசுகளும் வரிசையாக நின்று குழாயைத் தோளில் ஏற்றினார்கள். ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே இடைவெளி அதிகமாக இருந்தது. தம்பி ஓரிடத்தில் போய்த் தோள் கொடுத்தான். அக்காவும் போய்க் கொடுத்தாள். கனம் எலும்பில் இறங்கியது. நடுக்குளத்தில்கூடத் தண்ணீர் அவள் முழங்காலுக்கு மேலே வரவில்லை. அங்கே சேற்றைக் கையால் விலக்கி, ஆழமான இடமாகப் பார்த்து, குழாயின் வாயைப் பதமாக வைத்தார்கள்.

கரையேறியதும் அவள் தம்பியின் கையைப் பிடித்து, வா, வீட்டுக்குப் போகலாம் என்றாள். அவன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டான்.

"நீ கிளம்புக்கா, மாமாவுக்கு நேரமாயிடும். இங்க ஆளு குறைஞ்சுக்கிட்டே வருது. தூக்கறதுக்கு ஒருத்தர் வேணும்ல."

மறுநாள் காலையில் அவள் சிவப்புச் சக்கரத்தைத் திருகினாள். இத்தனை வருஷத்தில் தண்ணீர் இவ்வளவு வேகமாக வந்ததே இல்லை என்று தெருவில் எல்லோரும் அவளை வாழ்த்தினார்கள்.