அவள் பெயரில் விழுந்த திருத்தங்கள்

அச்சுக்குப் போகவிருந்த, கணவர் எழுதிய புத்தகத்தின் இறுதிப் படியை அவள் மேசைமேல் போட்ட வேகத்தில், பதிப்பாசிரியரின் பேனா உருண்டு கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை. இறந்துபோன அவள் கணவருக்கு இளைய நண்பர் அவர். இருபது வருடமாக அவளை அண்ணி என்றே கூப்பிடுகிறவர்.

“அவர் கடைசியா செஞ்ச திருத்தம் ஒண்ணுகூட இதுல இல்ல தம்பி. எங்க போச்சு?”

“கோப்புல ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓரத்துல செஞ்சவங்க பேர் விழும். அவர் பேர்ல இருந்ததெல்லாம் அப்படியே இருக்கு அண்ணி. உங்க பேர்ல இருந்ததை மட்டும் எடுத்துட்டேன். நூத்திப் பன்னெண்டு இடம்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அவர் எழுத்துல நீங்க கைவைக்கிறது நல்லா இருக்காது, பாருங்க.”

அவளுக்குக் கோபம் சுர்ரென்று தலைக்கேறியது.

“படுக்கையில விழுந்ததும் அவரால மேசைக் கம்ப்யூட்டர்கிட்ட போக முடியல. என் லேப்டாப்பை மடியில வச்சுக்கிட்டு ஒரு விரலால தட்டினாரு. என் மெஷின்ல யார் தட்டினாலும் அது என் பேரைத்தான் போடும். ஒரு போன் போட்டுக் கேக்க விரல் வலிச்சுதா?”

“துக்கத்துல இருக்கீங்களேன்னுதான்...”

“துக்கத்துல இருந்தா காது கேக்காதா?”

அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நீக்கியதை இனி மீட்க முடியாது, கோப்பைச் சேமித்து மூடி ஒரு வாரமாகிறது என்று முனகினார். அவள் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். தான் அனுப்பிய மின்னஞ்சலில் கோப்பு பழையபடியே இருக்கும், அதை மறுபடி இறக்குங்கள் என்றாள். இறக்கினார். துடைத்துவைத்தாற்போல் பக்கங்கள் வந்தன. ஒரு கோடு இல்லை, ஒரு நிறம் இல்லை.

“பாத்தீங்களா, இதுலயும் ஒண்ணுமில்ல.”

“திருத்தத்தைக் காட்டாதேன்னு நீங்கதான் வச்சிருக்கீங்க. மேல போய் எல்லாத்தையும் காட்டச் சொல்லுங்க.”

மாற்றினார். பக்கமெங்கும் சிவப்பு எழும்பியது. மூச்சு வாங்க வாங்க அவள் கணவர் அடித்துவிட்ட சொற்கள், சேர்த்த சொற்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் அவள் பெயர்.

“இதெல்லாம் அவரோடதுன்னு நான் எப்படி அண்ணி...”

“மவுஸைக் கொண்டுபோய் வைங்க. தேதி காட்டும். அவர் போனது ஒன்பதாம் தேதி. அதாவது ஞாபகம் இருக்கா?”

ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். இரண்டாம் தேதி. நான்காம் தேதி. எட்டாம் தேதி விடிகாலையில்கூட ஒரு காற்புள்ளி. அவர் முகம் தொங்கிப்போயிற்று. மன்னிச்சுடுங்க என்றார்.

“அதை அப்புறம் கேளுங்க. அடுத்ததுக்குப் போங்க.”

தொண்ணூற்றேழாவது இடத்தில் அவர் கை நின்றது. இருபத்தோராம் தேதி, நண்பர் போய்ப் பன்னிரண்டு நாள் கழித்து. ஒரு முழு வரியின் குறுக்கே கோடு: ‘என் மனைவியின் கோபம், அதற்கான காரணம் மறந்துபோன பிறகும் ஒரு வாரம் வீட்டில் இருக்கும்.’

அவர் அவளைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தக் கோடு மட்டும் நான் போட்டது,” என்றாள். காது மடல் சுட்டது.

“இப்படியே விட்டுடலாம் அண்ணி. யாருக்குத் தெரியப்போகுது.”

“அப்ப இவ்வளவு நேரம் எதுக்குக் கத்தினேன்? கோட்டை எடுங்க.”

எடுத்தார். வரி நிமிர்ந்து நின்றது. அவள் ஒருமுறை படித்தாள்.

“பொய். மூணு நாளுக்கு மேல நான் இழுத்ததே இல்ல,” என்று முணுமுணுத்தாள். “சரி, அடுத்ததுக்குப் போங்க.”