மூன்றாவது கேள்வியில் புவியீர்ப்பு

கல்வியின் வரலாற்றை எழுதிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் எழுந்து நிற்கவும். ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முன்னிலையில், ஒரு ரப்பர் பந்து கீழே விழுந்தது. ஏன் விழுந்தது என்று சொல்லும் உரிமை அதைப் போட்ட ஆசிரியருக்கு இல்லை.

ஆசிரியர் என்பதும் சற்று அவசரமான சொல். பயிற்சி ஆசிரியர். இயற்பியலில் பல்கலைக்கழகத்துக்கே முதலாவதாக வந்து தங்கப் பதக்கம் வாங்கியவர். அன்றிலிருந்து எல்லாருக்கும் அவர் ‘மெடல்’. ஆனால் உயர்நிலைப் பள்ளியில் சாக்பீஸைத் தொட வேண்டுமென்றால் பதக்கம் போதாது. பட்டம் வாங்கியவனுக்குப் பாடம் தெரியும். தெரியாத மாதிரி நிற்கத் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் பயிற்சிக் கல்லூரி.

அந்தக் கல்லூரியின் உயிர்நாடி ‘தலைப்பு வருவித்தல்’. பாடத்தின் தலைப்பை ஆசிரியர் தன் வாயால் சொல்லவே கூடாது. மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். மூன்றாவதின் முடிவில், மாணவர்களே தங்கள் அறிவால் கண்டுபிடித்ததுபோல் தலைப்பைச் சொல்வார்கள். ஆசிரியர் வியந்துபோய் அதைப் பலகையில் எழுத வேண்டும். பிள்ளைகள் என்ன உளறினாலும் ‘தப்பு’ என்று சொல்லக் கூடாது. ‘அருமை’ என்றுதான் சொல்ல வேண்டும். மெடல் இதையெல்லாம் ஓராண்டு படித்தார். சக பயிற்சியாளர்கள் பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்து பதின்மூன்று வயதுப் பிள்ளைகளாக நடிக்க, அவர்களிடம் பாடம் நடத்திப் பழகினார். அதில் இரண்டு பேருக்குத் தலை நரைத்திருந்தது.

மெடல் தங்கியிருந்தது அக்கா வீட்டில். துவைக்கும் மெஷினும் அத்தானின் உடற்பயிற்சி சைக்கிளும் இருந்த அறையில், இரண்டுக்கும் இடையே கிடைத்த இடத்தில் படுக்கை. செய்முறைத் தேர்வில் தேறிவிட்டால் ஒரு பள்ளியில் வேலை தயார், கூடவே தங்க ஓர் அறையும். தேறாவிட்டால் இன்னொரு ஆண்டு அதே மெஷின், அதே சைக்கிள், அதே அத்தான்.

“என்ன மச்சான், மெடல் வாங்கின கையால கலர் அடிச்சிக்கிட்டு இருக்க?” என்றார் அத்தான், முந்தின நாள் மாலை, சைக்கிளை மிதித்தபடி. “நம்ம சின்னதும் இதைத்தானே பண்ணுது. அதுக்கு வயசு நாலு.”

“சும்மா இருங்க நீங்க,” என்றாள் அக்கா. “நாளைக்கு பாஸ் பண்ணிட்டா அவன் பாட்டுக்குப் போயிடுவான்.”

“நான் போகச் சொன்னேனா? இருக்கட்டும். மெஷினுக்கும் துணை வேணும்ல.”

மெடல் மறுநாள் பாடத்துக்கான சார்ட்டின் மேல் குனிந்திருந்தார். பந்துக்குக் கீழே அம்புக்குறி வரைந்துகொண்டிருந்தார்.

அன்று பகலில், கல்லூரியின் வழிகாட்டிப் பேராசிரியர் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு முக்கியமான வேலையைச் செய்திருந்தார். பிள்ளைகளின் அறிவு நாளைக்கு எந்த நேரத்தில் பொங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்.

“இங்க பாருங்க. முதல்ல ஒருத்தர் வருவாங்க. மூணாவது கேள்வி கேட்டதும் ‘நீராவிப்போக்கு’. ரெண்டாவது ஆளுக்கு ‘மக்களாட்சி’. மூணாவது ஆளுக்கு ‘புவியீர்ப்பு’. அதுக்கு முன்னாடி ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. எங்க சொல்லுங்க?”

சொன்னார்கள். கூரை அதிர்ந்தது. பேராசிரியருக்குக் கண் கலங்கியது.

செவ்வாய்க்கிழமை தேர்வாளர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முதலில் போன தாவரவியல்காரர் இலையைக் காட்டி மூன்று கேள்வி கேட்டார். வகுப்பு ஒரே குரலில் நீராவிப்போக்கைக் கண்டுபிடித்தது. அடுத்தது ‘சார்ட் அக்கா’. பயிற்சியாளர்களிலேயே மூத்தவர், வரலாறு படித்தவர், படம் இல்லாமல் வணக்கம்கூடச் சொல்லாதவர். அன்று அவருடைய நாடாளுமன்றம் இன்னும் காயவில்லை.

“தம்பி மெடல், நீ முதல்ல போயிடுப்பா,” என்றார், சார்ட்டை விசிறிக்கொண்டே. “தூண்லாம் ஒழுகுது.”

பேராசிரியரும் சரி என்று தலையாட்டினார். மெடல் போனார். வகுப்புக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

“பிள்ளைகளே, என் கையில் இருப்பது என்ன?”

“பந்து!”

“அருமை. கையை விட்டால் பந்து எங்கே போகும்?”

“கீழ!”

“அருமை.” பந்தை விட்டார். விழுந்தது. “அப்படியானால், பந்தைக் கீழே இழுப்பது எது?”

“மக்களாட்சி!”

நாற்பது குரல்கள். ஒன்றில்கூடத் தயக்கமில்லை.

“அரு…” என்றார் மெடல். ஓராண்டுப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. “அருமை. வேறு யாராவது? நன்றாக யோசியுங்கள். பந்து மேலே போகாமல் கீழே வரக் காரணம்?”

“மக்களாட்சி!” முதல் முறை காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் உரக்கச் சொன்னார்கள்.

தேர்வாளர் எதையோ எழுதினார். ஜன்னலுக்கு வெளியே பேராசிரியர், உதவி செய்யும் நோக்கத்தோடு, கைகளை மேலே தூக்கி, கண்களை மூடி, மெல்லச் சரிந்து விழுவதுபோல் நடித்துக் காட்டினார்.

ஜன்னலோரப் பையன் எழுந்தான். “மயக்கம் சார்!”

“அருமை,” என்றார் மெடல். துவைக்கும் மெஷின் கண் முன்னால் சுழன்றது. அப்போது அவருக்குள் இருந்த ஆசிரியப் பயிற்சி முழுவதும் ஒரே நொடியில் அறுந்துபோனது.

“தப்பு! அத்தனையும் தப்பு! புவியீர்ப்புடா! பூமி இழுக்குது, அதனால விழுது!”

வகுப்பு உறைந்தது. தேர்வாளரின் பேனா நின்றது. முன்வரிசைப் பெண் ஒருத்தி, யாரும் சொல்லிக்கொடுக்காத ஒன்றைக் கேட்டாள்.

“அப்ப நிலாவை இழுக்காதா சார்? அது ஏன் விழல?”

மெடல் அவளைப் பார்த்தார். பயிற்சிக் காலம் முழுவதும் அவரிடம் யாரும் எதையும் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டதில்லை.

“விழுதும்மா,” என்றார். “விழுந்துக்கிட்டேதான் இருக்கு.”

பந்தை மெதுவாக எறிந்தார். மேசைக்குப் பக்கத்தில் விழுந்தது. இன்னும் வேகமாக எறிந்தார். கடைசி பெஞ்சில், தேர்வாளரின் காலடியில் விழுந்தது. மூன்றாவது முறை ஜன்னல் வழியாகப் போனது. வெளியே பேராசிரியர் “ஐயோ” என்றார்.

“இன்னும் வேகமா, இன்னும் வேகமா எறிஞ்சா? பந்து கீழ வளையும். பூமியும் உருண்டைதானே, அதுவும் வளைஞ்சு விலகிப் போகும். அப்ப என்ன ஆகும்?”

“விழும், ஆனா தரை வராது!” என்று கத்தினான் மயக்கம் சொன்ன பையன்.

“அதான்டா நிலா!”

மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை. கேள்வி மேல் கேள்வி. சார்ட் பக்கத்திலேயே சுருண்டு கிடந்தது. பலகையில் ஓர் எழுத்தில்லை.

பிறகு சார்ட் அக்கா காய்ந்த நாடாளுமன்றத்தோடு வந்தார். குடும்பத்தில் தொடங்கி ஊருக்கு வந்து மூன்றாவது கேள்வியைக் கேட்டார்: “எல்லாரும் சேர்ந்து முடிவெடுக்கும் ஆட்சிக்கு என்ன பெயர்?”

“புவியீர்ப்பு!”

சார்ட் அக்காவுக்குக் கண்கூட இமைக்கவில்லை. “அருமை! கை தட்டுங்க எல்லாரும். பூமி எல்லாரையும் சமமாக இழுக்கிறது. பெரியவர் சிறியவர் பார்ப்பதில்லை. அதுபோல் எல்லாரையும் சமமாக நடத்தும் ஆட்சி…?”

“புவியீர்ப்பு!”

“மிக அருமை!” என்று வியந்துபோய், பலகையில் ‘மக்களாட்சி’ என்று அழகாக எழுதினார். தேர்வாளர் தலையசைத்துப் பாராட்டினார். அந்த ஆண்டின் மிக உயர்ந்த மதிப்பெண் அதற்குத்தான்.

மெடலைத் தேர்வாளர் தனியாகக் கூப்பிட்டார். “பாடம் நல்லாத்தான் இருந்துது தம்பி. நான்கூட நிலாவைப் பத்தி இப்பத்தான் தெரிஞ்சிக்கிட்டேன். ஆனா தலைப்பை நீங்களே சொல்லிட்டீங்களே. நான் என்ன பண்ண முடியும்?”

“அவங்க மக்களாட்சின்னு சொன்னாங்க சார்.”

“சொன்னாங்கல்ல? அவங்க வாயில இருந்து ஒண்ணு வந்துச்சுல்ல? அதைப் பிடிச்சிக்கிட்டுப் போயிருக்கணும்.”

இரவுச் சாப்பாட்டின்போது அத்தான் செய்தியைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “நிலா ஏன் விழலைன்னு ஊருக்கே சொல்லிக் குடுத்துட்டு நீ விழுந்துட்டு வந்திருக்க. சரி விடு மச்சான். குழம்பு ஊத்திக்க.” அக்கா எழுந்து போய், மெஷினை இன்னும் கொஞ்சம் சுவரோரம் தள்ளிவிட்டு வந்தாள்.

ஓராண்டு ஓடியது. மெடல் மறுபடி போய் நின்றார். அதே பாடம், வேறு வகுப்பு, வேறு தேர்வாளர். முந்தின நாளே அவர் தானே போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். தன் முகத்தையும் காட்டிவிட்டு வந்திருந்தார். மூன்றாவது கேள்வியில் புவியீர்ப்பு வந்தது. அவர் வியந்தார். பலகையில் எழுதினார்.

பின் பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. “சார், பூமிக்கு நடுவுல போயிட்டா எந்தப் பக்கம் விழுவோம்?”

மெடல் ஓரக்கண்ணால் தேர்வாளரைப் பார்த்தார்.

“அருமை,” என்றார். “அது பாடத்தில் இல்லை. கையைக் கீழே போடு.”

முதல் வகுப்பில் தேறினார்.