சுடலைராஜ் ஜாஸ் வாசித்த கல்யாணம்

டிரம்மர் சுடலைராஜ் வாசிக்காத இடம் கிடையாது. கடையத்திலிருந்து பதினெட்டு வயதில் ஓடிப்போய்ப் பட்டாளத்து பேண்டில் சேர்ந்தவர். பிறகு கல்கத்தாவில் ஒரு பெரிய ஹோட்டலின் ஜாஸ் குழு, அப்புறம் ஒன்பது வருஷம் சுற்றுலாக் கப்பல், சென்னையில் கொஞ்ச காலம் சினிமாப் பாட்டுப் பதிவு, கடைசியில் குற்றாலத்தில் சொந்தமாக ஒரு மெல்லிசைக் குழு. தேர்தல் வேனில்கூட, கட்சி பேதம் பார்க்காமல் வாசித்திருக்கிறார். போன சித்திரையில் எழுபத்தாறு வயதில் போய்ச் சேர்ந்தார்.

இத்தனை வாசித்த மனிதர் ஜாஸ் வாசித்து மகள் சுஜிதா ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவள் தென்காசியில் இயற்பியல் டீச்சர். எதையும் குடைந்து பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. ஆனால் அப்பாவிடம் கேட்டால், "அதை இங்கன யாரு கேக்கப் போறா?" என்று பேச்சை மாற்றிவிடுவார். இப்போது பெங்களூரில் ஜாஸ் ரசிகர்கள் அவருக்கு நினைவுக் கூட்டம் வைக்கிறார்களாம், ஏதாவது ஒரு பதிவு வேண்டும் என்றார்கள். கூட்டம் கிடக்கட்டும், தனக்கே கேட்டாக வேண்டும் என்று அவளுக்கு வெறி பிடித்துவிட்டது. கப்பல் கம்பெனிக்கு மெயில் அனுப்பினாள், பதில் இல்லை. சினிமா ரெக்கார்டுகளில் டிரம்ஸ்காரர் பெயரை யார் போட்டார்கள்?

தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுவைத்ததில், கடைசியில் கீழப்பாவூர் ஆனந்தவள்ளி அக்கா, தொண்ணூற்று நாலில் நடந்த தன் கல்யாண வீடியோவை வாட்ஸப்பில் அனுப்பினாள். மேடையில் அப்பா! ஆவலாகச் சத்தத்தைக் கூட்டினால், ஒரு சினிமா டூயட். அந்தக் காலத்து வீடியோக்காரர்களுக்கு இப்படி ஒரு புத்தி: கல்யாண வீட்டுச் சத்தம் மொத்தத்தையும் அழித்துவிட்டு மேலே பாட்டு ஏற்றினால்தான் வீடியோவுக்கு மரியாதை என்று நினைப்பு. அப்பா பதினொரு நிமிடம் வாசிக்கிறார், ஒரு தட்டுகூடக் கேட்கவில்லை. அவளுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

ஆனால் ஒன்று இடித்தது. கையில் குச்சி இல்லை. கம்பிக் கற்றை மாதிரி ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு, தோசைக்கல்லைத் துடைப்பதுபோல டிரம்மைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். கல்யாண வீட்டில் இது என்ன வாசிப்பு?

மறுநாள் காலை குற்றாலத்துக்கு பஸ் ஏறினாள். அப்பாவின் கூட்டாளி, குழுவில் கிட்டார் வாசித்த முகம்மது சலீம், மெயின் அருவிக்குப் போகிற வழியில் பழக்கடை வைத்திருக்கிறார்.

"சலீம் மாமா, இது என்ன பாட்டு?" சத்தத்தை அணைத்துவிட்டு போனை நீட்டினாள்.

மங்குஸ்தான் நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசை அப்படியே விட்டுவிட்டார். "ஏ யப்பா! பிரஷ்லல்லா வாசிக்கான். இது சினிமாப் பாட்டு இல்லட்டி, ஜாஸ். கப்பல்ல வாசிச்சது. நம்ம ஊர்ப் பக்கம் அவன் ஜாஸ் வாசிச்சது அந்த ஒரு நாளுதான்."

"யாரு மாமா வாசிக்கச் சொன்னா?"

"ஒருத்தனும் சொல்லலை. அன்னைக்கு உங்க அம்மை ஆஸ்பத்திரில. அஞ்சு வயசுப் புள்ளைய எங்கன விட? தூக்கிட்டு வந்துட்டான். நீ பந்தியில சாப்பிட்டுட்டு டிரம்ஸ் பக்கத்துலயே உறங்கிட்டே. இந்தா பாரு."

படத்தை விரலால் பெரிதாக்கினார். பெரிய டிரம்முக்குப் பின்னால் இரண்டு குட்டிப் பாதங்கள். சுஜிதா போனை வாங்கி முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"குச்சியில அடிச்சா நீ முழிச்சிருவேன்னு பிரஷ்ஷ எடுத்தான். எடுத்த கை தன்னால ஜாஸுக்குப் போயிட்டு. நானும் பின்னாலயே போனேன். மாப்பிள்ளை வீட்டுக்காரன், 'ஏலே, நல்லா அடிங்கலே! எழவு விழுந்த துட்டி வீடாலே இது?'ன்னு கூப்பாடு போடுதான். ஒவ்வொருத்தனா எந்திரிச்சு மண்டபமே காலி. இவன் நிறுத்தணுமே!"

சுஜிதா மறுபடியும் அந்தப் பாதங்களைப் பார்த்தாள். "பக்கத்துலயே இருந்திருக்கேன். உறங்கித் தொலைச்சிட்டேனே, மாமா."

சலீம் சிரித்தார். "திரும்பி வரும்போது வேன்ல அவன்ட்ட கேட்டேன், ஆளே இல்லாத மண்டபத்துல யாருக்குலே வாசிச்சேன்னு. நீ அவன் மடியில கிடக்க. 'எம்மவ ஒருத்தி கடைசி வரைக்கும் எந்திரிச்சுப் போகலைல்லா'ன்னான்."