குழாய்ச் சத்தம்

பேக்கரி வேலை முடிந்து தங்கை வீட்டுக்கு வந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. குளியலறைக் கதவு சாத்தியிருக்க, உள்ளே குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கதவருகே போய் நின்றாள். அம்மாவும் தன் கடைசி வருஷத்தில் இப்படித்தான் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்து விடுவாள். என்ன ஏது என்று யாரும் கேட்கவில்லை. அம்மா போய்ச் சேர்ந்தாள். அந்தச் சத்தம் மட்டும் தங்கையின் காதை விட்டுப் போகவேயில்லை.

கதவு திறந்தது. ஈரப் பாவாடையோடு அக்கா நின்றாள்.

“என்னக்கா?”

“டீ கொட்டிடுச்சு.”

வாளித் தண்ணீர் சிவந்திருந்தது.

“உனக்கு நின்னு எத்தனை வருஷமாச்சு!”

“வயசு திரும்புதுடி. சீக்கிரம் ஒரு மாப்பிள்ளையைப் பாரு.”

கல்யாணப் பேச்சே இல்லாமல் ஒரே வீட்டில் காலம் தள்ளியவர்கள் இருவரும். வேறு சமயமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அக்காவின் முகத்திலிருந்த வெளுப்பைப் பார்த்துத் தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. அது அம்மாவின் வெளுப்பு. மறுநாளே கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

“மாதவிடாய் நின்ன பிறகு துளி ரத்தம் பட்டாலும் உடனே வரணும்மா,” என்றார் டாக்டரம்மா. ஸ்கேனில் கருப்பையின் உட்சவ்வு தடித்துத் தெரிந்தது. துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்தான்.

“வெளியே பரவின மாதிரி தெரியல. கருப்பையை எடுத்துடலாம். குடும்பத்துல வேற யாருக்காவது இருந்துச்சா?”

தங்கை உதட்டைப் பிதுக்கினாள். அக்கா தரையைப் பார்த்தபடி பேசினாள். “அம்மாவுக்கும் ரத்தம் போச்சு. நான்தான் துணி அலசிக் கொடுப்பேன். வலி தாங்காம அழுவாங்க. வெளிய கேக்கக் கூடாதுன்னு குழாயைத் திறந்து விடச் சொல்வாங்க.”

தங்கை அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷமாகத் தன் காதில் ஓடியது தண்ணீர் இல்லையா?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டில் அக்காவைக் கனமாக எதையும் தூக்க விடாமல் தங்கை பார்த்துக்கொண்டாள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். கைத்தாங்கலாகக் கூடத்தில் நடக்க வைத்தாள்.

ஒரு நாள் பிற்பகல், கட்டிலருகே உட்கார்ந்து அக்காவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது குளியலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. வீட்டில் வேறு யாருமில்லை. சீப்பு அப்படியே நின்றது.

“உனக்கும் கேக்குதாக்கா?”

“ம்.”

இருவரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அது தானாக அடங்கியது.

எடுத்த கட்டியைச் சோதித்ததில், அது பரம்பரையாக வருவது என்று தெரிந்தது. தங்கைக்கும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று, நடக்கத் தேறியிருந்த அக்காவும் கூடவே வந்தாள்.

“அதே பரம்பரைக் கோளாறு உங்களுக்கும் இருக்கு,” என்றார் டாக்டரம்மா. “இப்போ புற்று எதுவும் இல்ல. ஆனா வர வாய்ப்பு அதிகம். வர்றதுக்கு முன்னாடியே கருப்பையை எடுத்துடறது நல்லது.”

“எடுத்துடுங்க,” என்றாள் தங்கை, யோசிக்காமல்.

தெருவுக்கு வந்ததும்தான் அவளுக்கு அழுகை முட்டியது. யாராவது பார்க்கப் போகிறார்களே என்று முந்தானையால் வாயைப் பொத்தினாள். அக்கா அவள் கையைப் பிடித்து விலக்கினாள்.

“பொத்தாதடி. சத்தமா அழு.”

போவோர் வருவோர் திரும்பிப் பார்க்க, அவள் அழுதாள்.