ஆபத்தான பக்கம்

மாஸ்கோவிலிருந்து வந்த டைரக்டர் கிலெப்புக்கு எங்கள் லெனின்கிராடைப் பற்றி எல்லாம் தெரியும், ஒன்றைத் தவிர. போர்க்கால முற்றுகையின்போது ஜெர்மன் குண்டுகள் தெற்கிலிருந்து வந்தன. தென்பக்க வீடுகளைத் தாண்டி எதிர்ச்சுவரில் விழும். அதனால் வடபக்கம் போனால் சாவு, தென்பக்கம் போனால் உயிர். எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி.

முற்றுகையைப் படமெடுக்க வந்த இவரோ, வடபக்கம் வெயில் நன்றாக விழுகிறது என்று கூட்டத்தை அங்கே ஓடச் சொன்னார். வெடிகளைத் தென்சுவரோரம் பனிக்குள் புதைக்க வைத்தார்.

"எல்லாம் தலைகீழா இருக்கு, கிலெப் அர்சேன்யெவிச்," என்றேன். நான் அவருடைய உதவி டைரக்டர்.

"படம் பாக்குறவனுக்குத் தெற்கும் வடக்குமா தெரியப் போகுது, ரிம்மா?"

"ஓடுறவங்களுக்குத் தெரியுமே."

கூட்டம் முழுக்க முற்றுகையில் பிழைத்தவர்கள். ஒத்திகையில் சொன்னபடி வடக்கே ஓடினார்கள். கிளாவா அத்தை மட்டும் வாயை மூடவில்லை. "அன்னைக்கு இப்படி ஓடியிருந்தா, இன்னைக்கு உங்க படத்துக்கு ஆளே கெடச்சிருக்காது."

யாராவது தென்பக்கம் திரும்பினால் நான் சிவப்புக் கொடியைத் தூக்க வேண்டும். கொடியைப் பார்த்தால் எங்கள் ஊர் வெடிக்காரர் தீகோன் பொத்தானை அழுத்த மாட்டார். மலையே சரிந்தாலும் அசையாத மனிதர் அவர். இருந்தும் கொடியைக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

"ஆக்‌ஷன்!"

ஒலிபெருக்கியில் குண்டு சீறி வரும் சத்தம் கேட்டது. முகத்தில் நிஜ பயம் வேண்டுமென்று டைரக்டர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார், பாவி மனுஷன்.

கூட்டம் ஒரு கணம் நின்றது. பிறகு மொத்தமாகத் தெற்கே திரும்பி வெடிகளை நோக்கி ஓடியது. கொடியைத் தூக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அடுத்து நினைவிருப்பது கன்னத்தில் பனியின் குளிர். தென்சுவரோரம் குப்புறக் கிடந்தேன். கொடி என் வயிற்றுக்கடியில் இருந்தது. கையெட்டும் தூரத்தில் பனிக்குள்ளிருந்து வெடிக்கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. கிளாவா அத்தை என் தலையை விடாமல் அழுத்திப் பிடித்திருந்தாள். தீகோன் இப்போது அழுத்துவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அம்மாவை நினைத்தேன்.

சீறல் நின்றது. எதுவும் வெடிக்கவில்லை.

நடுத்தெருவில் டைரக்டர் மட்டும் தனியாக நின்று அலறினார். "தீகோன், அழுத்திடாதய்யா! பொத்தான்லேருந்து கையை எடு!"

அத்தைக்கு அந்தப் பக்கம், மீசையெல்லாம் பனியோடு ஒரு முகம் மெல்ல நிமிர்ந்தது.

"ரெண்டு கையும் என் தலைமேலதான் இருக்கு," என்றார் தீகோன்.